எண்ணப்படாதவர்களின் புற்றுநோய்

1980 வாக்கில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண்களின் விகிதமும் வெள்ளையினப் பெண்களின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்று அந்த நோய் கறுப்பினப் பெண்களுக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது; ஆனால் அதனால் இறப்போரின் விகிதம் அவர்களிடையே ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம். நாற்பது ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் ரத்தம் மாறிவிடாது. மாறியது மருத்துவம். 1977-இல் டமாக்சிஃபென் மாத்திரைக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்மோகிராம் பரிசோதனை ஊரெங்கும் பரவியது. அறுவைக்குப் பிந்தைய கீமோ வழக்கமானது. அதுவரை யாரையும் பெரிதாகக் காப்பாற்ற முடியாத மருத்துவம், அதன் பிறகு சிலரைக் காப்பாற்றத் தொடங்கியது. அந்தச் சிலர் யார் என்ற கேள்வியில்தான் இனம் நுழைந்தது. நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் வளர வளர இந்த இடைவெளியும் வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதை நிறுவ எண்கள் வேண்டும். அந்த நாட்டில் கறுப்பினத்தவரின் புற்றுநோயை எண்ணிய வரலாறும் நோயின் வரலாற்றுக்கு இளைத்ததில்லை. ஆகவே அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டிருந்தால், கறுப்பினத்தவருக்குப் புற்றுநோய் அரிது என்றே சொல்லியிருப்பார்கள். புற்றுநோய் நாகரிகத்தின் நோய், மென்மையான வாழ்க்கை வாழும் வெள்ளையினப் பெண்களின் நோய் என்பது அன்றைய நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குப் புள்ளிவிவரக் கவசம் அணிவித்தவர்களில் முதன்மையானவர் ஃபிரெடரிக் ஹாஃப்மன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இவர் புருடென்ஷியல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர். அந்த நிறுவனம் 1881-இல், ஒரே தவணைத் தொகை கட்டினாலும் கறுப்பினத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இழப்பீடு தருவோம் என்று முடிவெடுத்திருந்தது. சில வட மாநிலங்கள் இந்தப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தன. அந்தப் பின்னணியில் ஹாஃப்மன் 1896-இல் வெளியிட்ட பெரிய நூல், கறுப்பினத்தவரின் உயர்ந்த இறப்பு விகிதத்துக்குக் காரணம் அவர்களுடைய இனக்கூறுதான், அவர்கள் மெல்ல அழிந்துபோகும் மக்கள் என்று அட்டவணை அட்டவணையாக வாதிட்டது. காப்பீடு மறுக்க விரும்பிய நிறுவனத்துக்கு இதைவிட வசதியான அறிவியல் கிடைத்திருக்காது. இதே ஹாஃப்மன் 1913-இல் புற்றுநோயின் அச்சுறுத்தல் பற்றி ஆற்றிய உரை, பின்னாளில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமாக வளர்ந்த அமைப்பு உருவாவதற்குத் தூண்டுதலாக இருந்தது. 1915-இல் அவர் உலகப் புற்றுநோய் இறப்புகளைத் தொகுத்துக் கனமான ஒரு நூலையும் கொண்டுவந்தார். நாகரிகம் எட்டாத மக்களிடையே அந்நோய் அரிது என்பது அதன் கருத்துகளில் ஒன்று. ஆக, காசநோயால் சாகிறார்களா, அது இனத்தின் பலவீனம். புற்றுநோயால் சாகவில்லையா, அது இனத்தின் பழமை. எப்படிப் போட்டாலும் கணக்கு ஒரே விடையைத் தந்தது.

அந்தக் கணக்கின் அடித்தளத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் இறப்புகளை முறையாகப் பதிவு செய்யும் பகுதி என்று ஒன்றை மத்திய அரசு வரையறுத்திருந்தது. 1900-இல் அதில் இருந்தவை பத்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும், இன்னும் சில தனி நகரங்களும். அந்தப் பத்து மாநிலங்களும் மாசசூசெட்ஸ், நியூயார்க், வெர்மான்ட், மிச்சிகன் போன்ற வட மாநிலங்கள். அன்று கறுப்பினத்தவரில் பத்தில் ஒன்பது பேர் வாழ்ந்ததோ தெற்கில். டெக்சாஸ் கடைசியாகச் சேர்ந்து நாடு முழுவதும் இந்த வளையத்துக்குள் வந்தபோது 1933 ஆகிவிட்டது. அதாவது, ‘கறுப்பினத்தவருக்குப் புற்றுநோய் அரிது’ என்ற முடிவு எழுதப்பட்ட காலத்தில், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எதனால் இறந்தார்கள் என்று எந்த அரசு ஏட்டிலும் எழுதப்படவில்லை. பதிவு இருந்த இடங்களிலும் சிக்கல் இருந்தது. வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ வளரும் கட்டியைக் கண்டுபிடிக்க மருத்துவரும் மருத்துவமனையும் வேண்டும். மருத்துவரே பார்க்காமல் இறந்தவரின் சான்றிதழில் புற்றுநோய் என்று எப்படி எழுதுவார்கள்? இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. 1900-இல் பிறந்த கறுப்பினக் குழந்தையின் சராசரி ஆயுள் 33 ஆண்டுகள் அளவுதான். வெள்ளையினக் குழந்தைக்கு 47-க்கும் மேல். புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். காசநோயும் நிமோனியாவும் முந்திக்கொண்டு போனவர்களைப் புற்றுநோய் எட்டிப் பிடிக்க நேரமிருக்கவில்லை.

இதை அன்றே யாரும் சுட்டிக்காட்டவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கெல்லி மில்லர் 1897-இல் ஹாஃப்மனின் நூலுக்கு விரிவான மறுப்பு எழுதினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பிழைகள் இருக்கும்போது அதன்மீது எழுப்பிய வளர்ச்சி விகிதங்களை எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி. சமூகவியலாளர் டூ பாய்ஸும் அதே ஆண்டில் அந்நூலை மதிப்பிட்டார். அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் இறக்கும் விகிதத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களில் வெள்ளையரும் இறக்கிறார்களே, அங்கே எந்த இனக்கூறைக் குற்றம் சொல்வது என்று கேட்டார். 1899-இல் பிலடெல்ஃபியா பற்றியும் 1906-இல் கறுப்பின அமெரிக்கர்களின் உடல்நலம் பற்றியும் அவர் கொண்டுவந்த ஆய்வுகள், வீட்டையும் வேலையையும் வருமானத்தையும் இறப்போடு இணைத்துப் பார்த்தன. வாதத்தில் மில்லரும் டூ பாய்ஸும் வென்றார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் கல்லூரிகளும் கையில் எடுத்துக்கொண்டது ஹாஃப்மனை.

மருத்துவமனைக் கதவுகளின் வரலாறு தனி. மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி 1910-இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிவந்த ஏழு கல்லூரிகளில் இரண்டு மட்டுமே எஞ்சின: வாஷிங்டனில் ஹோவர்ட், நாஷ்வில்லில் மெஹாரி. புற்றுநோய் சிகிச்சையோ அதே காலத்தில் ரேடியம், எக்ஸ்ரே, தேர்ந்த அறுவை என்று பெரிய மருத்துவமனைகளுக்குள் குவிந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த மருத்துவமனைகளைக் கட்டியது பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணம். 1946-இல் நிறைவேறிய ஹில்-பர்ட்டன் சட்டம் நாடெங்கும் மருத்துவமனை கட்ட நிதி தந்தது. கூடவே, சமமான வசதி தனியாக இருந்தால் ஒரு மருத்துவமனை கறுப்பினத்தவரை விலக்கலாம் என்ற விதியையும் தனக்குள் வைத்திருந்தது. அந்தச் ‘சமமான வசதி’ எங்கே இருந்தது என்று கேட்க 1962 வரை ஆயிற்று. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸ் தொடுத்த வழக்கில், 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வந்த குடிமை உரிமைச் சட்டம் அதை நாடெங்கும் விரித்தது. ஆனாலும் கதவைத் திறந்தது தீர்ப்பைவிடப் பணம்தான். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1966 ஜூலையில் தொடங்கியபோது, இனப்பிரிவினை செய்யும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. நூறாண்டு வழக்கம் என்று சொல்லப்பட்டதைச் சில மாதங்களிலேயே சுமார் ஆயிரம் மருத்துவமனைகள் கைவிட்டன. மனமாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் இந்தச் சில மாதங்களை நினைவில் வைப்பது நல்லது.

கதவு திறந்து சில ஆண்டுகளில் எண்களும் பேசத் தொடங்கின. அதுவரை அரசின் அட்டவணைகளில் பல ‘வெள்ளையர்’, ‘வெள்ளையர் அல்லாதோர்’ என்று இரண்டே பத்திகளில் நின்றன. 1937-இல் தொடங்கிய முதல் தேசியப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு பத்து நகர்ப்புறப் பகுதிகளில் நடந்தது. தெற்கின் பருத்திக் காடுகளில் வாழ்ந்தவர்கள் அதில் இல்லை. 1973-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் (அறுவை மருத்துவர் லாசால் லெஃபால் அவர்களில் ஒருவர்) 1950 முதல் 1967 வரையான இறப்புப் பதிவுகளை வயதுக்கேற்பச் சரிசெய்து வெளியிட்டார்கள். அந்தப் பதினேழு ஆண்டுகளில் கறுப்பினத்தவரின் புற்றுநோய் இறப்பு விகிதம் சுமார் 20 விழுக்காடு உயர்ந்திருந்தது. வெள்ளையரின் விகிதம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. புற்றுநோய் தீண்டாத இனம் என்று சொல்லப்பட்டவர்கள் அதனால் மற்றவர்களைவிட அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஹோவர்ட் ஆய்வாளர்களில் ஒருவரான லெஃபால் 1978-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார்; அடுத்த ஆண்டே கறுப்பினத்தவரின் புற்றுநோய் பற்றி அச்சங்கம் தேசிய மாநாடு கூட்டியது. 1971-இன் புற்றுநோய்ச் சட்டத்தைத் தொடர்ந்து 1973-இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டுத் திட்டத்திலும் ஆரம்பத்தில் அயோவா, யூட்டா, கனெக்டிகட் போன்ற மாநிலங்களும் சில நகரங்களுமே இருந்தன. தெற்கின் கிராமப்புறக் கறுப்பினத்தவரைக் காட்ட, ஜார்ஜியாவின் பத்து மாவட்டங்கள் 1978-இல் சேர்க்கப்பட்டன. 1985-இல் நலத்துறை அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் வெள்ளையரின் விகிதத்தில் இறந்திருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 மரணங்கள் நிகழ்ந்திருக்காது என்று கணக்கிட்டது. அந்த மிகை மரணங்களின் ஆறு முதன்மைக் காரணங்களில் புற்றுநோயும் ஒன்று.

இங்கே முதல் மறுப்பு எழும், எழுவது நியாயமும்கூட. எண்ணுவது மேம்பட்டதால்தான் விகிதம் உயர்ந்ததாகத் தோன்றுகிறதோ? ஒரு பகுதி அப்படித்தான். 1950-க்குப் பிந்தைய உயர்வில் கண்டறிதல் பெருகியதற்கும் பங்குண்டு. புகையிலைக்கும் பங்குண்டு, தெற்கின் வயல்களிலிருந்து வடக்கின் தொழிற்சாலை நகரங்களுக்குக் குடிபெயர்ந்த ஆண்களிடம் சிகரெட் வேகமாகப் பரவியது. பின்னாளில் மெந்தால் சிகரெட்டுகளைக் கறுப்பினப் பகுதிகளில் குறிவைத்து விற்றார்கள். 2009-இன் சட்டம் மற்ற வாசனைச் சிகரெட்டுகளைத் தடைசெய்தபோது மெந்தாலுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆனால் இந்த மறுப்பு நோய் வரும் விகிதத்துக்கும் நோயால் இறக்கும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. கண்டறிதல் மேம்பட்டால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடும். ஒரே நோய், ஒரே கட்டம், ஒரே வயது உள்ள இரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஏன் இறக்கிறார் என்பதற்கு அது விடையாகாது.

அந்தக் கேள்விக்கு நேரான விடை 1999-இல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் கண்டறியப்பட்ட, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 10,984 பேரின் பதிவுகளைப் பீட்டர் பாக்கும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் மெடிகேர் காப்பீடு உண்டு. அந்தக் கட்டத்தில் அறுவையே குணமளிக்கும் முதன்மை வழி. வெள்ளையரில் 76.7 விழுக்காட்டினருக்கு அறுவை நடந்தது. கறுப்பினத்தவரில் 64 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் முறையே 34.1, 26.4 விழுக்காடு. அறுவை செய்துகொண்டவர்களை மட்டும் பிரித்து ஒப்பிட்டபோது இரு இனத்தவருக்கும் பிழைப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றானது, செய்துகொள்ளாதவர்களிடையேயும் அப்படியே. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ‘இது இனப் பிரச்சினை இல்லை, வறுமைப் பிரச்சினை’ என்பது நெடுநாளைய வாதம். அதைச் சொன்னவர்களில் கறுப்பின மருத்துவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மையும்கூட. ஆனால் காப்பீட்டு அட்டை கையில் இருந்த இந்த முதியவர்களிடையேயும் வேறுபாடு எஞ்சியது. வறுமை விளக்காத மிச்சம் ஒன்று இருக்கிறது. அது மருத்துவர் அறுவையைப் பரிந்துரைத்தாரா, நோயாளி ஒப்புக்கொண்டாரா, ஒப்புக்கொள்ளும்படி யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா என்ற இடத்தில் இருக்கிறது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது அரசின் சுகாதாரத் துறையே. அந்த நினைவுள்ள சமூகம் கத்தியைக் கண்டு தயங்கினால் அதை அறியாமை என்று மட்டும் எழுதிவிட முடியாது.

மரபணு வாதம் இதைவிட வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. ஹார்மோன் மருந்துகளுக்கும் ஹெர்செப்டினுக்கும் கட்டுப்படாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகை மார்பகப் புற்றுநோய், கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. புராஸ்டேட் புற்றுநோயும் கறுப்பின ஆண்களுக்கே அதிகம். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகள் சில இதில் பங்கேற்பதும் தெரியவந்துள்ளது. 2009-இல் கேத்தி அல்பெய்ன் தலைமையில் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த வாதத்துக்கு எரிபொருள் ஊற்றியது. ஒரே நெறிமுறைப்படி சிகிச்சை தரும் 35 மருத்துவச் சோதனைகளில் பங்கேற்ற 19,457 பேரை அது ஆராய்ந்தது. நுரையீரல், பெருங்குடல், லிம்ஃபோமா, ரத்தப் புற்று, மைலோமா ஆகியவற்றில், சிகிச்சை ஒன்றானதும் இனவேறுபாடு மறைந்தது. மார்பகம், கருமுட்டைப் பை, புராஸ்டேட் ஆகிய மூன்றில் மட்டும் எஞ்சி நின்றது. ஆக, உடலியலுக்கு இடமே இல்லை என்று சொல்பவரும் தவறு. எல்லாம் உடலியல் என்பவரும் தவறு. ஆனால் அந்த மூன்றிலும் இறுதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதா? 2020-இல் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 60,035 புராஸ்டேட் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே காப்பீடு, கட்டணம் என்ற தடைகள் மிகக் குறைவு. பத்து ஆண்டுகளில் அந்த நோயால் இறந்தவர்கள் வெள்ளையரில் 5.1 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 4.4 விழுக்காடு. நோய் அவர்களுக்கு அதிகம் வருகிறது என்பது உண்மையாகவே இருந்தாலும், வந்த பின் பிழைப்பது எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

மார்பகப் புற்றுநோயில் மரபணு வாதத்துக்குச் சிகாகோவே தடை. 1980 வாக்கில் அந்நகரில் இரு இனப் பெண்களின் இறப்பு விகிதமும் ஒன்றாகவே இருந்தது. 2003-இல் கறுப்பினப் பெண்களின் விகிதம் 68 விழுக்காடு கூடுதலாகிவிட்டது. அதே ஆண்டில் நாடு முழுவதற்கும் 37 விழுக்காடு, நியூயார்க் நகரில் 11 விழுக்காடு என்று ஸ்டீவ் விட்மனும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். சிகாகோவின் கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு மரபணு, நியூயார்க்கின் கறுப்பினப் பெண்ணுக்கு வேறு மரபணு என்று யாரும் வாதாட மாட்டார்கள். வெள்ளையினப் பெண்களின் இறப்பு விகிதம் 1990களிலிருந்து சரிந்தது; சிகாகோவில் கறுப்பினப் பெண்களின் விகிதம் அந்தச் சரிவில் கலந்துகொள்ளவில்லை. 2007-இல் அமைந்த பணிக்குழு தேடியபோது அகப்பட்டவை அன்றாட விஷயங்கள்: கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் மாம்மோகிராம் வசதி குறைவு, எடுத்த படத்தைப் படிப்பவர் பல இடங்களில் மார்பகத்துக்கென்றே பயின்ற கதிரியல் மருத்துவர் இல்லை, சந்தேகம் என்று தெரிந்த பின் அடுத்த பரிசோதனைக்கு நீண்ட காத்திருப்பு. எந்தப் பாடநூலிலும் நோய்க்காரணி என்று இடம்பெறாதவை இவை. அவற்றைச் சரிசெய்ய முனைந்த பிறகு சிகாகோவின் இடைவெளி குறையத் தொடங்கியது.

எண்ணுவதில் உள்ள பிழை ஹாஃப்மனோடு போய்விட்டது என்று எண்ணினால் அதுவும் தவறு. கருப்பைவாய்ப் புற்றுநோயின் இறப்பு விகிதத்தைக் கணக்கிடும்போது, நெடுங்காலம் எல்லாப் பெண்களையும் வகுக்கும் எண்ணாக வைத்தார்கள். கருப்பை அகற்றும் அறுவை செய்துகொண்டு, அந்தப் புற்றுநோய் வரவே வாய்ப்பில்லாதவர்களும் அதில் அடக்கம். அந்த அறுவை கறுப்பினப் பெண்களிடையே அதிகம். 2017-இல் ஆய்வாளர்கள் அவர்களை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டபோது, கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 5.7-இலிருந்து 10.1-ஆகவும், வெள்ளையினப் பெண்களுடையது 3.2-இலிருந்து 4.7-ஆகவும் உயர்ந்தது. இறந்தவர் ஒருவர்கூடக் கூடவில்லை. இடைவெளியின் ஒரு பெரும்பகுதி வகுக்கும் எண்ணுக்குள் ஒளிந்திருந்தது. நுரையீரல் பரிசோதனையிலும் இதே கதை. 2013-இன் பரிந்துரை, 55 வயதைத் தாண்டி, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டுக்குச் சமமாகப் புகைத்தவர்களையே ஸ்கேனுக்குத் தகுதியாக்கியது. கறுப்பினத்தவருக்கு இதைவிடக் குறைவாகப் புகைத்தும், இளைய வயதிலேயும் நோய் வருகிறது. தென் மாநிலங்களில் நடந்த ஆய்வொன்றில், நுரையீரல் புற்றுநோய் வந்த புகைப்பவர்களில் வெள்ளையரின் 56 விழுக்காட்டினர் அந்த விதிப்படி முன்பே பரிசோதனைக்குத் தகுதி பெற்றிருப்பார்கள். கறுப்பினத்தவரில் 32 விழுக்காட்டினர்தான். அளவுகோலை வெட்டும்போது யாரை வைத்து வெட்டினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2021-இல் வயது 50-ஆகவும் புகையளவு 20-ஆகவும் குறைக்கப்பட்டன.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மறுப்பு எஞ்சும். என் பார்வையில் எல்லாவற்றிலும் கனமானது அதுதான். இனவாரியாக எண்ணியதால்தானே ஹாஃப்மன் பிறந்தார்? இனம் என்பது உயிரியல் உண்மை இல்லையென்றால், அதை ஒவ்வொரு மருத்துவப் படிவத்திலும் அச்சிட்டு ஏன் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்? பிரான்ஸ் தன் குடிமக்களை இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை. கலிஃபோர்னியாவில் வார்ட் கானர்லி முன்னின்று 2003-இல் கொண்டுவந்த முன்மொழிவு, மாநில அரசு இனத் தகவல் திரட்டுவதைத் தடைசெய்யக் கோரியது. பொதுச் சுகாதாரத் துறையினர் பலமாக எதிர்த்தார்கள், வாக்காளர்களும் பெருவாரியாக நிராகரித்தார்கள். அவர்கள் செய்தது சரி என்பதற்குச் சான்று இதே வரலாற்றில் கிடைக்கிறது. ஹாஃப்மனின் குற்றம் எண்ணியது அன்று. தெற்கை எண்ணாமலேயே தெற்கைப் பற்றிப் பேசியதும், எண்ணில் கிடைத்த வேறுபாட்டுக்கு ஆராயாமலே காரணம் சூட்டியதும்தான். அவரைத் தோற்கடித்த மில்லரும் டூ பாய்ஸும் பயன்படுத்திய ஆயுதமும் எண்களே. 1973-இன் ஹோவர்ட் ஆய்வும் சிகாகோவின் ஆய்வும் இனவாரிப் பத்தி இல்லாமல் எழுதப்பட்டிருக்க முடியாது. எண்ணாதபோது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கத் தொல்குடியினரே சாட்சி. இறப்புச் சான்றிதழில் இனத்தைப் பெரும்பாலும் ஈமச்சடங்கு நடத்துபவரே நிரப்புகிறார். தொல்குடியினர் பலர் அதில் வெள்ளையராக எழுதப்பட்டதால், அவர்களுடைய புற்றுநோய் விகிதம் நெடுநாள் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது. அவர்களுக்கான மருத்துவத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே நிலைமை வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் சமத்துவம் வந்துவிடும் என்பது 1900-இலேயே சோதித்துப் பார்த்த வழி.

இடைவெளியை மூட முடியும் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்லலாம். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனைக்கு 1967-இல் வந்த அறுவை மருத்துவர் ஹரால்டு ஃபிரீமன், அங்கே 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பெண்களின் பதிவைத் தொகுத்தார். ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் 39 விழுக்காடு. 1990-இல் அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். சந்தேகத்துக்கிடமான முடிவு வந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை நோயாளியோடு கூடவே நடந்து, படிவம், காப்பீடு, வண்டி, அடுத்த தேதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வழிகாட்டிகளை அமர்த்தினார். அவர்களில் பலரும் அதே பகுதி மக்கள். கூடவே இலவசப் பரிசோதனையும். 1995-2000 காலத்தின் 325 நோயாளிகளில் பிழைப்பு விகிதம் 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது. கறாரான புள்ளியியலாளர் இங்கே கை தூக்குவார்: நோயை முன்னதாகக் கண்டுபிடித்தாலே பிழைப்புக் காலம் நீண்டதாகத் தோன்றும், இறக்கும் நாள் மாறாவிட்டாலும். அவர் சொல்வது சரி. இடைப்பட்ட காலத்தில் மருந்துகளும் மேம்பட்டிருந்தன.

அந்த ஐயத்துக்கு இடம் கொடாதது டெலவேர் மாநிலம், ஏனென்றால் அங்கே அளந்தது இறப்பை. 2002-இலிருந்து அந்தச் சிறிய மாநிலம் பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையைக் காப்பீடில்லாதவர்களுக்கும் வழங்கியது. சிறிது காலத்தில் அவர்களின் சிகிச்சைச் செலவையும் தானே ஏற்றது. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் வழிகாட்டிச் செவிலியரை வைத்தது. கறுப்பின மக்களைத் தேடிப்போய் அழைத்தது. 2002-இல் பரிசோதனை செய்துகொண்ட கறுப்பினத்தவர் 48 விழுக்காடு, 2009-இல் 74 விழுக்காடு. வெள்ளையரும் அதே 74-இல் நின்றார்கள். கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 31.2-இலிருந்து 18-ஆக இறங்கியது. வெள்ளையருடையது 19.5-இலிருந்து 16.9. ஏழாண்டுக் காலத்தில், ஒரு மரபணுவையும் தொடாமல், இடைவெளி ஏறக்குறைய மூடப்பட்டது. நாடளவிலும் இதன் சாயல் தெரிகிறது: ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீடு விரிவாக்கப்பட்ட மாநிலங்களில், முற்றிய புற்றுநோய்க்கு 30 நாளுக்குள் சிகிச்சை தொடங்குவதில் இரு இனத்தவருக்கும் இருந்த 4.8 புள்ளி வேறுபாடு 0.8-ஆகச் சுருங்கியதாக 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், கறுப்பினத்தவரின் இறப்பு விகிதம் 1993-இல் வெள்ளையருடையதைவிட 33 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2015-இல் 14 விழுக்காடு.

மருந்து புதிதாக வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். விலை உயர்ந்த எதிர்ப்பாற்றல் சிகிச்சைகளும் மரபணுப் பரிசோதனைகளும் இப்போது அந்த இடத்தில் நிற்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பவர்களுக்கு உடனே பணம் கிடைக்கிறது. ஹார்லெமில் 1990-இல் தொடங்கிய வழிகாட்டிகளின் வேலைக்கு மெடிகேர் தனியாகக் கட்டணம் தரத் தொடங்கியது 2024 ஜனவரியில்தான்.